சுட்ட பூசணி

உணவுப் பொருள்களுள்ளும் உயர்வு தாழ்வு கற்பித்துப் பேசுவது மக்கள் இயல்பு. அரிதாகக் கிடைப்பதையும் விலை மிக்கதையும் விருந்துக்கு உரியது என்பர். வேலியோரத்தில் தானே படர்ந்து காய்ப்பதை எளிய காய் என்று இகழ்வர். அவ்வாறு இகழப்படும் காய்களுள் மஞ்சட் பூசணியும் ஒன்று. அக்காயை நறுக்கி, உப்பும் மிளகும் சேர்த்து, நெருப்பில் சுட்டு, மேலே சிறிது பாலாடைக்கட்டியைத் துருவித் தூவி உண்ணும் வழக்கம் இத்தாலி நாட்டின் வடபகுதியில் உள்ளது. அதைச் செய்வதற்கு ஒரு மணி நேரம் போதும். ஆயினும், அந்தத் தட்டில் உள்ள பொருள்கள் ஒன்றுகூடுவதற்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரலாற்றையும், அவ்வுணவைச் சமைக்கும் முறையையும், அதிலிருந்து நாம் அறிய வேண்டிய ஓர் உண்மையையும் இப்பாடத்தில் காண்போம்.

ஊரைக் கலக்கிய பூசணித் துண்டு

வட இத்தாலியில் போ என்னும் பேராறு மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடி ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கிறது. அதன் கழிமுகத்திற்கு வடக்கே, வெனிஸ் நகரத்துக் காயலின் தென்கோடியில், கியோஜா என்னும் மீனவர் ஊர் அமைந்துள்ளது. அவ்வூர் மக்களின் வாழ்க்கையை வைத்து, கார்லோ கோல்டோனி என்னும் நாடக ஆசிரியர் ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். அது 1762-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் அரங்கேறியது.

அந்நாடகத்தின் தொடக்கத்தில், ஆடவர் கடல்மேல் சென்றிருக்க, பெண்கள் தெருவில் அமர்ந்து பூவேலைப் பின்னல் செய்துகொண்டிருக்கின்றனர். அவ்வழியே ஓர் இளைஞன் சுட்ட பூசணித் துண்டுகளை விற்றுக்கொண்டு வருகிறான். தொபோலோ என்னும் படகோட்டி அவற்றை வாங்கி அப்பெண்களுக்குக் கொடுக்கிறான். அவர்களுள் ஒருத்தி வேறொருவனுக்கு மணம் பேசப்பட்டவள். கடலிலிருந்து திரும்பிய ஆடவரின் காதுக்குச் செய்தி எட்டுகிறது. பூசணித் துண்டு பொறாமைத் தீயை மூட்டுகிறது. கல்லெறியும் கைகலப்பும் நிகழ்கின்றன. வழக்கு மன்றம் வரை செல்கிறது. முடிவில் பகை நீங்கித் திருமணங்கள் நடைபெறுகின்றன. செருமானியப் பெருங்கவிஞர் கேத்தே, 1786-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வெனிஸ் நகரில் தங்கியிருந்தபோது இந்நாடகத்தைக் கண்டு மகிழ்ந்தார்.

தெருவில் கூவி விற்கும் அளவிற்குச் சுட்ட பூசணி அந்நாளிலேயே கியோஜா மக்களின் அன்றாட உணவாகிவிட்டது என்பதை இதனால் அறிகிறோம். கரும்பச்சைத் தோலும், தோலின்மேல் பருக்களும், உள்ளே செம்மஞ்சள் நிறச் சதையும் உடைய ஒருவகைப் பூசணி இன்றும் அவ்வூரின் பெயரால் வழங்குகிறது. எனினும், பூசணி அவ்வூருக்கோ அக்கண்டத்திற்கோ உரிய காயன்று. அது கடல் கடந்து வந்து குடியேறிய காய்.

பூசணியின் தாயகம்

பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோ நாட்டு வஹாக்கா மாநிலத்தில் குய்லா நக்கிட்ஸ் என்னும் ஒரு குகை உள்ளது. 1966-ஆம் ஆண்டு அதனை அகழ்ந்தபோது பூசணி விதைகள் கிடைத்தன. அவற்றை 1997-ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்த அறிஞர், அவை ஏறத்தாழ 10,000 ஆண்டுகட்கு முன் மனிதர் பயிரிட்ட பூசணியின் விதைகள் என்று கண்டனர். அந்நாட்டு மக்கள் சோளத்தையும் அவரையையும் பயிரிடுவதற்கு முன்பே பூசணியைப் பயிரிட்டுவிட்டனர்.

காட்டுப் பூசணியின் சதை வாயில் வைக்க இயலாதபடி கசக்கும். ஆதலின் முதலில் விதைக்காகவே மக்கள் அதனை வளர்த்தனர். கசப்புக் குறைந்தவற்றையும் சதை மிகுந்தவற்றையும் தேர்ந்து, அவற்றின் விதைகளையே மீண்டும் மீண்டும் ஊன்றினர். பெயர் தெரியாத எத்தனையோ தலைமுறை உழவரின் பொறுமையால் கசந்த காய் இனித்த காய் ஆயிற்று.

வட அமெரிக்காவின் இரொக்குவா மக்கள், மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு, அவற்றை மூன்று சகோதரியர் என்று அழைத்தனர். மக்காச்சோளத்தின் தண்டு அவரைக்குக் கொழுகொம்பாகிறது. அவரையின் வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்கு உரமாக்குகின்றன. பூசணியின் அகன்ற இலைகள் நிலத்தைப் போர்த்து, ஈரம் உலராமலும் களை முளைக்காமலும் காக்கின்றன. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கும் இந்த ஏற்பாட்டை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

கொலம்பஸ் 1492-ஆம் ஆண்டு அமெரிக்கத் தீவுகளை அடைந்தபின் அக்கண்டத்துப் பயிர்கள் ஐரோப்பாவிற்கு வந்தன. ரோமாபுரியில் பார்னசீனா என்னும் மாளிகையின் விதானத்தில், 1515-க்கும் 1518-க்கும் இடையில் தீட்டப்பட்ட பழக்கொத்து ஓவியங்களில் பூசணியும் இடம் பெற்றுள்ளது. கால் நூற்றாண்டிற்குள் அது கடல் கடந்து ஓவியனின் கண்ணையும் கவர்ந்துவிட்டது.

நம் நாட்டிற்கும் இக்காய் ஐரோப்பியர் வழியாகவே வந்தது. பழந்தமிழர் அறிந்த சாம்பற் பூசணி ஆசியாவிற்குரிய வேறு காய். மஞ்சட் பூசணிக்குத் தமிழில் பறங்கிக்காய் என்றொரு பெயர் உண்டு. ஐரோப்பியரைப் பறங்கியர் என்று அழைத்த காலத்தில், அவர் கொணர்ந்த காய்க்கு நம்மவர் இட்ட பெயர் அது. மார்கழி வைகறையில் கோலத்தின் நடுவே நாம் வைக்கும் மஞ்சள் நிறப் பூவும் அக்கொடியில் பூத்ததே. வந்த விருந்தினர் வீட்டாருள் ஒருவராகிவிட்டமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பாலாடைக்கட்டி

பூசணிக்குத் துணையாக வரும் பாலாடைக்கட்டி பழைய உலகத்தின் கண்டுபிடிப்பு. பால் நெடுநேரம் கெடாமல் இராது. அதனைத் தயிராக்கி மோராக்கி நாம் காக்கிறோம். குளிர்நாட்டினர் அதனைக் கட்டியாக்கிப் பல மாதங்கள் காக்கின்றனர். போலந்து நாட்டில் கிடைத்த, சிறு துளைகளையுடைய மட்கலங்களின் உடைந்த துண்டுகளில் பாற்கொழுப்பின் எச்சம் இருப்பதை ஆராய்ச்சியாளர் 2012-ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஏறக்குறைய 7,000 ஆண்டுகட்கு முன்பே மக்கள் திரிந்த பாலை அவற்றில் வடித்துப் பாலாடைக்கட்டி செய்தனர் என்பது இதனால் விளங்கியது.

போ ஆற்றுச் சமவெளியில், பார்மா நகரத்தைச் சூழ்ந்த பகுதியில் செய்யப்படும் பாலாடைக்கட்டி உலகப் புகழ் வாய்ந்தது. அதற்குப் பார்மீசான் என்று பெயர். முன்னாள் மாலையில் கறந்து ஏடு நீக்கிய பாலையும், மறுநாட் காலையில் கறந்த பாலையும் பெரிய செப்புக் கொப்பரையில் கலந்து காய்ச்சுவர். கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் உறைபொருளைச் சேர்த்ததும் பால் திரண்டு உறையும். அதனைச் சிறு மணிகளாக உடைத்து, மீண்டும் சூடாக்கி, துணியில் வடித்து, வட்ட அச்சில் இட்டு இறுக்குவர். பின்னர் அதனை ஏறத்தாழ மூன்று வாரம் உப்புநீரில் மிதக்க விட்டு, மரப்பலகைகளின்மேல் அடுக்கிக் குறைந்தது 12 மாதம் முதிரவிடுவர். ஏறத்தாழ 40 கிலோகிராம் எடையுள்ள ஒரு வட்டைச் செய்ய 500 லிட்டருக்கும் மிகுதியான பால் வேண்டும். அத்தனை பாலின் சத்தும் அக்கட்டியில் செறிந்திருத்தலின், ஒரு கைப்பிடித் துருவலே உணவுக்குச் சுவையூட்டப் போதுமானது.

இலையுதிர் காலத்து உணவு

இவ்விரண்டும் ஏன் இலையுதிர் காலத்தில் ஒன்று சேர்கின்றன? போ ஆற்றுச் சமவெளியில் அக்டோபர், நவம்பர்த் திங்களில் மூடுபனி நிலத்தைப் போர்த்திவிடும். அதனையடுத்து உறைபனி வரும். பூசணிக் கொடி உறைபனியைத் தாங்காது. ஆதலின் அதற்கு முன்னரே காய்களைப் பறித்து விடுவர். நன்கு முற்றிய காயின் தோல் கெட்டியானது. காம்போடு பறித்து, உலர்ந்த இடத்தில் வைத்தால், பல மாதங்கள் கெடாதிருக்கும். சில வகைக் காய்களில், பறித்தபின் மாச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி இனிப்பும் கூடும்.

கோடையில் செழித்த கொடியின் விளைவு பூசணி. கோடைப் புல்லை மேய்ந்த பசுவின் விளைவு பாலாடைக்கட்டி. வயலும் மேய்ச்சல் நிலமும் வெறுமையாகும் குளிர்காலத்திற்கென உழவன் சேமித்த செல்வங்கள் அவை. அவ்விரு சேமிப்புகளும் கூடும் உணவே சுட்ட பூசணி.

சமைக்கும் முறை

நால்வர் உண்பதற்கு ஒரு கிலோகிராம் எடையுள்ள பூசணி போதும். அதன் தோலையும் விதையையும் நீக்கி, 2 சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுகளாக நறுக்குக. துண்டுகள் யாவும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். இல்லையேல் சிறியவை கருகும்போது பெரியவை வேகாதிருக்கும். அவற்றோடு இரண்டு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், நசுக்கிய பூண்டுப் பற்கள் இரண்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பிசறுக. இத்தாலியர் சேஜ் என்னும் மணமுள்ள இலைகள் சிலவற்றையும் சேர்ப்பர்.

இதனைச் சுடுவதற்கு, ரொட்டிக் கடைகளில் உள்ளது போன்ற நாற்புறமும் மூடிய அடுப்பு வேண்டும். அடுப்பின் வெப்பம் 200 பாகை செல்சியசை அடைந்தபின், துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு தட்டில் பரப்பி உள்ளே வைக்க வேண்டும். 15 நிமிடங்கள் கழித்துத் துண்டுகளைப் புரட்டி விடுக. மொத்தம் 30 நிமிடங்களில் அவை மென்மையாகி, ஓரங்கள் பொன்னிறமாகச் சிவக்கும். அப்போது 60 கிராம் பாலாடைக்கட்டித் துருவலை மேலே தூவி, மேலும் 8 அல்லது 10 நிமிடங்கள் வைத்திருந்து எடுக்க வேண்டும். துருவலைத் தொடக்கத்திலேயே தூவினால் அது கருகிக் கசந்துவிடும்.

இங்கே சேர்த்த மிளகையும் நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. யவனர் கலங்கள் முசிறித் துறையில் மிளகை ஏற்றிச் சென்றதைச் சங்கநூல்கள் கூறுகின்றன. பின்னாளிலும் இந்தியாவின் மேலைக் கடற்கரையில் விளைந்த மிளகு அலெக்சாந்திரியா வழியாக வெனிஸ் நகரத்தை அடைந்தது. அவ்வணிகத்தால் அந்நகரம் செல்வத்தில் திளைத்தது. அமெரிக்கர் பண்படுத்திய காயும், ஐரோப்பியர் முதிரவைத்த பாலாடைக்கட்டியும், இந்தியர் விளைவித்த மிளகும் இவ்வாறு ஒரே தட்டில் சந்திக்கின்றன.

அடுப்பினுள் நிகழ்வது

பூசணியை நீரில் வேகவைத்தாலும் மென்மையாகும். எனினும் சுட்ட பூசணியின் சுவை அதற்கு வாராது. ஏன்? பூசணியின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு நீர். நீரில் வேகும்போது அதன் இனிப்பு நீரோடு கரைந்து செல்லும். அடுப்பில் சுடும்போதோ, நீர் ஆவியாகி வெளியேற, இனிப்பு உள்ளேயே செறிகிறது. மேலும், கொதிநீரின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. சூடான காற்றில் நீர் வற்றிய மேற்பரப்பு அதனினும் மிகுதியான வெப்பம் பெறுகிறது. அவ்வெப்பத்தில் சர்க்கரையும் புரதத்தின் கூறுகளாகிய அமினோ அமிலங்களும் கூடிப் பழுப்பு நிறமும் நறுமணமும் உடைய புதுப்பொருள்களாக மாறுகின்றன. இம்மாற்றத்தை 1912-ஆம் ஆண்டில் விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மயார் என்பவரின் பெயரே அதற்கு வழங்குகிறது. தோசையின் முறுகலுக்கும் அதுவே காரணம். துண்டுகளை நெருக்கமாக வைத்தால் ஆவி வெளியேற இடமின்றித் தேங்கும். அவை சுடப்படாமல் அவிந்துவிடும். இடைவெளி விட்டு அடுக்குவதன் காரணம் இதுவே.

குறையும் நிறைவும்

பூசணியின் மஞ்சள் நிறம் கரோட்டீன் என்னும் பொருளால் வந்தது. நம் உடல் அதனைக் கண்ணுக்கு நலம் தரும் வைட்டமின் ஏ சத்தாக மாற்றிக்கொள்கிறது. ஆனால் கரோட்டீன் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். உணவில் சிறிது கொழுப்பும் இருந்தால்தான் உடல் அதனை நன்கு ஏற்கும். எண்ணெயும் பாலாடைக்கட்டியும் அக்கொழுப்பைத் தருகின்றன. பூசணியில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. பாலாடைக்கட்டியில் அவை மிகுதி. பாலாடைக்கட்டியில் நார்ச்சத்து இல்லை. பூசணி அதனை அளிக்கிறது. ஒன்று இனிப்பு, மற்றொன்று உவர்ப்பு. சுவையாலும் சத்தாலும் இவை ஒன்றற்கொன்று துணை.

இத்துணை அமையாதபோது நேர்ந்த துன்பத்தையும் அதே சமவெளியின் வரலாறு கூறுகிறது. பூசணியைப் போலவே மக்காச்சோளமும் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் மாவைக் கிளறிச் செய்யும் களியே வட இத்தாலியின் ஏழை உழவர்க்கு நாள்தோறும் உணவாயிற்று. பசுவைப் பேணியவன் ஏழையே எனினும், பாலாடைக்கட்டி அவன் வீட்டில் தங்காமல் சந்தைக்குச் சென்றது. 18-ஆம் நூற்றாண்டில் அவ்வுழவரிடையே ஒரு கொடிய நோய் பரவியது. தோல் வெடித்தது; வயிறு கலங்கியது; முடிவில் அறிவும் பேதலித்தது. மிலான் நகரத்து மருத்துவர் பிராப்போலி 1771-ஆம் ஆண்டு அந்நோய்க்குப் பெலாக்ரா என்னும் பெயரை எழுத்தில் பதித்தார். அது தொற்றுநோய் என்றும், கெட்ட சோளத்தின் நஞ்சு என்றும் நெடுங்காலம் கருதினர். அமெரிக்க மருத்துவர் கோல்டுபெர்கர், 1914 முதல் செய்த ஆராய்ச்சியால், உணவின் குறையே அதற்குக் காரணம் என்று நிறுவினார். அநாதை விடுதிகளில் இருந்த குழந்தைகளுக்குப் பாலும் முட்டையும் இறைச்சியும் கூட்டிக் கொடுத்தபோது நோய் மறைந்தது. நியாசின் என்னும் உயிர்ச்சத்தே அதனைத் தீர்ப்பது என்பது 1937-ஆம் ஆண்டு தெளிவாயிற்று.

அவ்வாறாயின், மக்காச்சோளத்தின் தாயகத்து மக்கள் அந்நோயால் வருந்தாதது ஏன்? மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மக்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்த பின்னரே அரைத்தனர். சோளத்தில் பிணைந்து கிடக்கும் நியாசின் அதனால் விடுபட்டு உடலில் சேர்ந்தது. அவரையும் பூசணியும் அவர்தம் உணவில் உடன் இருந்தன. கப்பல்கள் விதையை ஏற்றி வந்தன. விதையைப் போற்றிய மக்களின் அறிவை ஏற்றி வரவில்லை. அதன் விலையை அறியாத ஏழைகள் தம் உடலால் செலுத்தினர்.

முடிவுரை

மாணவர்களே! சுட்ட பூசணி எளிய உணவுதான். ஆனால் பெயர் தெரியாத மெக்சிகோ உழவரும், பாலைக் கட்டியாக்கிய ஆயரும், மேலைக் கடற்கரை மிளகுத் தோட்டத்தாரும் அதனைச் சமைப்பதில் பங்கு கொண்டவர்கள். தட்டிலுள்ள ஒவ்வொரு பொருளும் மற்றொன்றின் குறையைத் தீர்ப்பதுபோல, ஒரு நாட்டாரின் உழைப்பும் அறிவும் மற்றொரு நாட்டாரின் குறையைத் தீர்க்கின்றன. பிறரிடமிருந்து ஒரு பொருளைப் பெறும்போது, அதனைப் பேணி வளர்த்தோரின் அறிவையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். பெற்ற நன்மையை ஏழையின் தட்டுக்கும் எட்டச் செய்தல் வேண்டும். அடுத்த முறை வேலியில் படர்ந்த பூசணிக் கொடியைக் காணும்போது, அது கடந்து வந்த நெடுவழியைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.